இறக்காத தொப்பி

செப்டம்பர் 9
மழை. வில்பருக்கு மறுபடியும் இருமல். ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டுப் புகைக்கொட்டகைக்குள் போய் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கத்தினேன். “நீ அண்டங்காக்கை வம்சம், எவ்வளவு கத்தினாலும் தொண்டை தாங்கும். என் காது தாங்காதுடி” என்கிறார். காக்கைப் பக்கமும் கழுகுப் பக்கமும் கட்டிக்கொள்வதுதான் எங்கள் திலிங்கிட் ஜனத்து வழக்கம், ஆனால் கழுகுப் பக்கத்தில் பிறந்தவருக்கு வாய் மட்டும் குறையவே குறையாது.

மத்தியானம் அவர் தங்கை தெல்மா ஓடிவந்தாள். “அண்ணி, மியூசியத்துல சம்மதிச்சுட்டாங்க! அந்தக் காலத்துல தூக்கிட்டுப் போன நம்ம குலத்து மரக் கரடித் தொப்பி திரும்பி வருது!” வில்பர், “எங்க தாய்மாமா தலையில இருந்திருக்க வேண்டியது. பார்க்காமலே போயிட்டாரு. என் தலையில ஒரே ஒரு தடவை ஏறிட்டாப் போதும்” என்றார்.

வசந்தம் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் என்னிடம் சொன்னது அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 28
எதிர்ப்பக்கத்தில் பிறந்தவர்தான் தொப்பியைச் சூட்ட வேண்டும். என்னைக் கேட்டார்! “வேற எந்தக் காக்காவையும் தலைகிட்ட சேர்க்க மாட்டேன்.”

அழுதேன். வேறென்ன செய்வேன்.

அக்டோபர் 17
தொப்பி ஜூனோ நகரத்திலிருந்து சின்ன விமானத்தில் வந்தது. கூட வந்த மியூசியத்துப் பெண் பெட்டியைத் திறக்குமுன் எல்லோருக்கும் கையுறை கொடுத்தாள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக் விஷம் தூவினார்களாம், மரத்தில் ஊறிவிட்டதாம். “தலையில மட்டும் வைக்காதீங்க. இவர் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.” அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

தொப்பியை வில்பர் குலத்தார் தாத்தா என்றுதான் சொல்வார்கள். “தாத்தாவைத் தூக்கிட்டுப் போனதும் இல்லாம விஷத்தையும் குடுத்து அனுப்பியிருக்கானுங்களே, பாவிங்க!” என்று தெல்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வில்பர் பெட்டியோடு திலிங்கிட் மொழியில் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார்.

அக்டோபர் 18
விழா. கையுறையோடு தொப்பியை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன், தொடாமல். எல்லோரும் பாடினார்கள்.

“இன்னும் கொஞ்சம் இறக்கு” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இறக்கவில்லை.

“இறக்குடி.”

இறக்கவில்லை.

நவம்பர் 30
அன்றிலிருந்து என்னைக் காக்கா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 2
போயிட்டாரு.

எந்த விஷத்துக்குப் பயந்தேன் நான்? சாகப்போற மனுஷனை எதுலேருந்து காப்பாத்துனேன்? ஒரு தடவைன்னுதானே கேட்டாரு — ஒரே ஒரு தடவை —

பிப்ரவரி 6
அடக்கம். கழுகுப் பக்கத்தார் துக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழி வெட்டியது, பெட்டி சுமந்தது எல்லாம் எங்கள் பக்கத்தார். பெட்டியை மூடுமுன் தொப்பியைக் கொஞ்ச நேரம் நெஞ்சின் மேலே வைத்து எடுப்பது வழக்கம். அதற்கும் என்னையே கூப்பிட்டார்கள்.

தெல்மா கையுறையை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே அதை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வெறும் கையால் எடுத்தேன். இறக்கினேன், நெற்றிவரைக்கும்.

அவருக்கு அளவு சரியாக இருந்தது.