மழை மட்டும் கேட்கிறது

நிதர்ஷாவின் அப்பாவுக்கு,

கட்டாரில் வெயில் எப்படி? ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஹுன்னஸ்கிரியவில் மண் சரிந்து நம் தோட்டத்து லயன் வீடு போனதிலிருந்து, குண்டசாலையின் இந்த வாடகை வீட்டிலும் மழை வந்தால் எனக்கு மலை இறங்கும் சத்தம்தான் கேட்கிறது. "பயந்தா மூளையில நோரட்ரினலின் சுரக்கும். கவனத்தை ஆபத்துப் பக்கமே இழுத்துப் பிடிக்கும். உங்களுக்கு அது அடங்க மாட்டேங்குது" என்று டொக்டரம்மா மாத்திரை தந்தார். நீங்கள் "பைத்தியத்துக்குக் குடுக்கிற மருந்து, வேணாம்" என்றீர்கள். நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை. நான் சன்னலில் நின்று மலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அக்கா ஓடி வந்து, குசினியில் அடுப்படியிலிருந்து பிள்ளையைத் தூக்கினார். சுடுதண்ணி கொட்டியிருந்தது. கையில் மட்டும்தான், ஆறிவிடுமாம். "இவ்வளவு நேரம் கத்துறாளே, கேக்கலையா?" என்றார். கேட்கவில்லை.

மாத்திரையை மறுபடி போடுகிறேன். கோபப்பட்டால் படுங்கள்.

இப்போது வானம் கறுத்து வருகிறது. என் முகம் சன்னல் பக்கம் திரும்புகிறது. பிள்ளை என்னை "அம்மா" என்று கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து, கட்டுப் போட்ட கையால் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள்.

அவளுடைய அம்மா