ஓடாவியின் பேரில் போன ஆறு தாங்கிகள்

1936 மார்ச் 8, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அது நான் செய்தது, மாமி."

தேற்றாத்தீவிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தார்கள். பெண் பார்க்க என்றுதான் பெயர். ஆனால் பெண்ணோடு போகப்போவது வீடு. ஆகையால் என்னைப் பார்த்ததைவிடப் பக்கத்து வளவில் எழும்பிக்கொண்டிருக்கும் சுவர்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். மாப்பிள்ளை நல்லரத்தினம், உதவி ஆசிரியர். அவருடைய தாயார் இலட்சுமிப்பிள்ளை மாமி. தாய்மாமன் அவர்கள் ஊர்க் கோயிலின் வண்ணக்கர். கோயில் காரியமெல்லாம் அவர் சொற்படிதான் நடக்குமாம்.

சாப்பாட்டுக்குப் பாயில் இருந்தபோது அம்மா கறிச்சட்டிகளை என் மரத் தாங்கிகளின் மேல் வைத்தாள். மாமி ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது ஆருகா செஞ்ச? நல்ல வடிவு."

அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு, "எங்கட ஓடாவி ஆதம்பாவாதான்" என்றாள்.

நான் அப்பளத்தைப் பரிமாறினேன்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "உளி புடிக்கிற பொம்புளய எந்த ஊரில கட்டுவாங்க? நாம என்ன தச்சுவேல செய்யிற ஆக்களா?" என்றாள்.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும். மாப்பிள்ளை என் புத்தக அலுமாரியின் முன் நின்று, "இதெல்லாம் நீங்க வாசிச்சதா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அதை மட்டும் உள்ளபடி சொன்னேன்.

மார்ச் 10

மாமியிடமிருந்து ஆள் வந்தது. அதே மாதிரி ஆறு தாங்கி வேண்டுமாம், வைகாசியில் வரும் அம்மன் கோயில் சடங்குக்கு முன்னர். "ஓடாவியாரிட்டச் சொல்லுங்க" என்று செய்தி.

அம்மாவுக்குச் சிரிப்பு. "நீயே செஞ்சு குடு. போறது அவர்ர பேரில. ஆருக்குத் தெரியப்போகுது?"

மார்ச் 11

ஓடாவியிடம் நானே சொன்னேன். ஆதம்பாவா காத்தான்குடியிலிருந்து தினமும் வந்து புதுவீட்டின் கதவு, யன்னல் தச்சுவேலை செய்கிறார். எல்லாம் முதிரை மரம். அறுத்து மிஞ்சும் துண்டுகளை மூலையில் எறிவார். தை மாதம் முதல் அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பழைய உளியும் என்னிடம்தான் இருக்கிறது.

"என்ட பேரிலயா?" என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "அப்ப நான் பாத்துத்தான் அனுப்புவன் புள்ள. எங்க வாப்பா சேத்துவெச்சிட்டுப் போன பேரு அது."

நான் செய்த ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்தார். இரண்டு கட்டைகளும் குறுக்கே பூட்டும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"இதுக்குள்ள ஒரு எறும்புக் குடும்பம் சீதனத்தோட வந்து இருக்கலாம்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஏப்ரல் 2

வேலை மெதுவாகத்தான் போகிறது. இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் பாதிக் கனம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினால் குறுக்காகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் துளையிட்டு ஒரு மர ஆணி. நான்கு முனைக்கும் சிறு கால். போத்தல் உடைசலால் சுரண்டித் தேங்காயெண்ணெய் தடவினால் முதிரை தேன்நிறத்துக்கு வந்துவிடுகிறது. சட்டிக்குக் கீழே வைக்கும் வைக்கோல் திருகணை சூட்டில் கருகும், இது கருகாது.

கடினம் அந்தப் பாதி வெட்டில்தான். ஒரு மயிரிழை குறைய வெட்டினால் இறங்காது. கூட வெட்டினால் ஆடும். புத்தகத்தில் விளங்காத பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம். இங்கே தாண்ட முடியவில்லை. அதனால்தான் இந்த வேலை பிடித்திருக்கிறதோ? வாசிப்பில் எனக்கு விளங்கிவிட்டதாக நான் எத்தனை தரம் என்னையே ஏமாற்றியிருப்பேன்!

இதை அவரிடம் சொன்னால் விளங்கிக்கொள்வாரா? அலுமாரியின் முன் நின்றவரிடம்.

ஏப்ரல் 13

வருடப்பிறப்பு. இன்று உளி தொடக்கூடாதாம். தொடவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மே 15, வெள்ளி

ஆறும் போய்விட்டன. நான்கை ஓடாவி பார்த்து, "போகட்டும்" என்றார். மற்ற இரண்டிலும் பூட்டு ஆடியது. தேற்றாத்தீவு வண்டி பின்னேரம் வெளிக்கிடுவதாக இருந்தது; அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். மரம் ஒட்டும் வச்சிரப் பசை அவருடைய சட்டியில் அடுப்போரம் சூடாக இருந்தது. மரத்தூளோடு குழைத்து இடைவெளியில் அப்பினேன். காய்ந்ததும் கல்லைப்போல் இறுகிவிட்டது. மர ஆணி அடிக்க நேரமில்லை. ஆணி இல்லாமலே நன்றாக நின்றது.

பூட்டு இருக்குமிடமே தெரியவில்லை. எறும்புக் குடும்பம் வேறு வீடு பார்க்கட்டும்.

ஜூன் 4

எப்படி எழுதுவது?

தேற்றாத்தீவில் சடங்குக் காலம். மாமி அம்மனுக்கு நேர்ந்து பொங்கி, பானையை இறக்கித் தாங்கியில் வைத்திருக்கிறார். சூட்டில் பூட்டு விட்டுவிட்டது. பானை சரிந்து படையல் நிலத்தில் கொட்டுண்டது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. இளகிய வச்சிரம் மணத்திருக்கிறது. வண்ணக்கர் குனிந்து மணந்து பார்த்து, "இது மாட்டுத்தோல் காய்ச்சின வச்சிரம்" என்றாராம். மச்சம் மாமிசம் வாசலே மிதிக்காத நாளில், அம்மனின் பானைக்குக் கீழே.

எனக்குத் தெரியும். வச்சிரம் எதில் காய்ச்சுவது என்று வாசித்திருக்கிறேன். சூட்டில்தான் இளகும் என்பதை என் கண்ணாலேயே அடுப்போரம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சூட்டுப்பானைக்குக் கீழே வைக்கும் சாமானில் பூசினேனே! என்ன மண்டை எனக்கு? வாசிச்சு என்னத்தக் கண்டேன்?

ஓடாவி வேண்டுமென்றே செய்தார் என்று வண்ணக்கர் ஊரெல்லாம் சொல்கிறாராம். அங்கே இரண்டு வீட்டுக்காரர் அவருக்குப் பேசியிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். கோயிலுக்குப் பயந்து மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்று அப்பா சொல்கிறார்.

அம்மாவிடம், சொல்லிவிடுவோம் என்றேன். "வாய மூடு. கொஞ்ச நாளில மறந்துபோவாங்க."

யாருடைய கொஞ்ச நாள்?

ஜூன் 5

ஓடாவி இன்றும் வேலைக்கு வந்தார். நான் இரண்டு முறை வேலிவரை போய்த் திரும்பினேன்.

ஜூன் 7, ஞாயிறு

மாமியும் வண்ணக்கரும் வந்தார்கள். பூட்டு விட்டுப்போன கட்டைகளைச் சீலையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே வரவில்லை, வண்டியடியில் நின்றார். வேலி தாண்டிப் பேச்சுக் கேட்கும் தூரம்தான்.

வண்ணக்கர் ஓடாவியைக் கூப்பிட்டார். அவர் சீவுளியைக் கீழே வைத்துவிட்டு, தோளில் மரச்சுருளோடு வந்து நின்றார்.

"இது உன்ட வேலதானே?"

ஓடாவி கட்டைகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "வீட்டுக்காரர் சொல்லட்டும்" என்றார்.

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்பா நிலத்தைப் பார்த்தார். அந்த மௌனத்தில் ஒருவருடைய சோறு இருந்தது.

"அது நான் செஞ்சது, மாமி. ஆறும் நான்தான் செஞ்ச. வச்சிரம் பூசினதும் நான்தான். அவருக்குத் தெரியாது."

என் குரல்தானா என்று இருந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. காய்ப்புகளை மாமி நெடுநேரம் பார்த்தார்.

"அது என்னத்தில காய்ச்சுறதெண்டு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மாமி. செய்யக்குள்ள நினைக்கல்ல."

வண்ணக்கர் ஓடாவியின் பக்கம் திரும்பினார். "அப்ப நீ ஏன்டாப்பா வாயத் திறக்காம நிண்டாய்?"

"ஒரு கொமருப் புள்ளட கலியாணம். அத என்ட வாயால குழப்புறதா?" என்றார் ஓடாவி. பிறகு, தோளிலிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டு, "அதோட, நான் இல்லயெண்டு சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா, ஐயா?"

வண்ணக்கர் கட்டைகளைத் திரும்பச் சீலையில் முடிந்தார்.

மாமி எழும்பினார். என்னிடமல்ல, அம்மாவிடம்தான் சொன்னார்: "உளி புடிச்சா என்ன மச்சாள்? அண்டைக்கே சொல்லியிருந்தா எனக்கும் பழக்கித் தாகா எண்டு கேட்டிருப்பன். இப்ப அம்மன்ட படையல் நிலத்தில கொட்டுண்டுபோச்சே. நான் என்ன செய்ய?"

தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்கள்.

ஜூன் 8

அந்த ஒரு வசனத்தைப் பத்து வருடம் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறேன். எனக்கும் பழக்கித் தாகா.

கதைகளில் உண்மையைச் சொன்னவுடன் எல்லாம் நேராகிவிடும். சொல்லவேண்டிய நாள் ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டால் அதே உண்மை வேறு விலைக்குத்தான் போகும் என்று நான் வாசித்த எதிலும் இல்லை. அல்லது இருந்து, நான் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனாலும் நேற்று இரவு நன்றாக நித்திரை வந்தது.

ஜூன் 21

அப்பா தேற்றாத்தீவுக்குப் போய் வந்தார். சம்பந்தம் வேண்டாமாம். வண்ணக்கர் மரியாதையாகத்தான் சொன்னாராம். படையல் சரிந்த இடத்தில் கலியாணம் பேசுவது கூடாதாம்.

மாப்பிள்ளை படலைவரை கூட வந்து, "உங்கட மகள் சொன்னது சரி" என்றாராம். அவ்வளவுதான். அப்பா இதை அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்.

அலுமாரியைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. பிறகு அழுதேன்.

செப்டம்பர் 2

நல்லரத்தினத்துக்குத் தன்னாமுனையில் கலியாணமாம். அம்மா என்னோடு கதைக்கிறாள், ஆனால் என் முகத்தைப் பார்த்தல்ல.

1937 ஜனவரி 28

புதுவீட்டில் இன்று பால் காய்ச்சினோம். மாப்பிள்ளை இல்லாமல் பால் காய்ச்சிய வீடு எங்கள் தெருவில் இதுதான் முதலாவதாம். வந்தவர்களில் ஒருத்தி மற்றவளிடம் எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். அம்மா அவளைப் பார்த்து, "குடிக்க வந்தா குடிச்சிப்போட்டுப் போகா" என்றாள்.

ஆதம்பாவா ஓடாவி வரவில்லை. தேற்றாத்தீவில் வேலை அவசரமாம்; வண்ணக்கர் வீட்டு யன்னல்கள்.