வரும்போது விளக்கையும் எடுத்து வா

சிவன்மலை முருகன் துணை

சன்னிவேல்
ஏப்ரல் 11, 1999

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நலம். சபரிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. போன் வந்தால் ஓவியாவும் அவனும் ரிசீவருக்கு அடித்துக்கொள்கிறார்கள். என் முறை வருவதற்குள் நீங்கள் மீட்டிங்குக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஆறு மாத வேலை என்று ஜப்பான் போனீர்கள். ஒன்பதாகிவிட்டது. முன்பு நாலு வாரத்தில் தீர்ந்த அரிசி மூட்டை இப்போது ஆறு வாரம் வருகிறது. மிச்சம் பிடித்தால் சந்தோஷப்படுகிறவள்தான் நான். இந்த மிச்சம் பிடிக்கவில்லை.

ஜூலையில் எங்களை அங்கே வரச் சொல்கிறீர்கள். பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஜப்பான் சமையல் சொல்லித்தரும் வகுப்பு இருக்கிறது, நாலு பேரும் சேர்ந்து போகலாம் என்றீர்கள். அடுப்படியிலிருந்து எனக்கு விடுமுறை தருவீர்கள் என்று பார்த்தால், இன்னொரு அடுப்படிக்குக் கூப்பிடுகிறீர்கள். கறி, மீன், முட்டை எதையும் நான் தொடுவதில்லை என்று அங்கே சொல்லிவிட்டீர்களா?

நீங்கள் திரும்பி வந்துவிட்டால் நாங்கள் எதற்கு வர வேண்டும்? அசதியாக இருக்கிறது மாமா.

உங்கள்
வசந்தா


யோகோஹாமா
ஏப்ரல் 25, 1999

என் வசந்தாவுக்கு,

உன் கடிதத்தை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். இந்த ஊர் ரயிலில் யாரும் வாய் திறப்பதில்லை. நீ திட்டியது மட்டும் எனக்குச் சத்தமாகக் கேட்டது.

நேற்று அந்த வகுப்பை நேரில் போய்ப் பார்த்தேன். மியாகே அம்மா என்று ஒருவர், வீட்டு மாடியிலேயே நடத்துகிறார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஓர் இனிப்புப் பெட்டி வாங்கிப்போனேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏறி நிற்கக் குட்டி ஸ்டூல், கட்டிக்கொள்ளக் குட்டி ஏப்ரன். கத்தி அவர்கள் கைக்கு வராது. உப்புத் தண்ணீரில் கையை நனைத்துச் சோற்றை உருட்டுவதும், வெள்ளரிக்காயை அச்சில் பூப்பூவாக வெட்டுவதும் அவர்கள் வேலை. அப்பாவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. அதைப் பார்க்கவாவது நீ வர வேண்டும்.

சைவ விஷயமும் பேசிவிட்டேன். இவர்கள் எந்தக் குழம்புக்கும் முதலில் ஒரு சாற்றைக் காய்ச்சிக்கொள்கிறார்கள். காய்ந்த மீனைச் சீவிப் போடுவது வழக்கம். நமக்காக மீனே இல்லாமல், வெறும் கொம்பை மட்டும் ஊறவைத்துக் கொதிக்கவிடுவதாக ஒப்புக்கொண்டார். இனி உனக்கு என்ன கவலை அம்மிணி?

சேனாபதி


சிவன்மலை முருகன் துணை

சன்னிவேல்
மே 6, 1999

மாமாவுக்கு,

மீன் வேண்டாம் என்றால் கொம்பா? எந்த மாட்டுக் கொம்பு? படித்த கையோடு போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

எதிர் அபார்ட்மென்ட் நாகமணி ஆன்ட்டியிடம் சொன்னேன். “கொம்பையெல்லாமா வேகவெப்பாங்க? வெந்தாலும் எப்படிடி கடிப்பாங்க?” என்றார்.

“கடிக்கறதில்லீங்க ஆன்ட்டி, சாறு மட்டும் எறக்குவாங்களாம்.”

“அதுக்கு மீனே தேவலைன்னு உன்ற வீட்டுக்காரருக்கு எழுதிப்போடு.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சபரி பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவன் பிழைத்தால் உயிர்க்கொலைச் சாப்பாடு தொட மாட்டேன் என்று சிவன்மலையானுக்குச் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அவனிடம் சொன்ன வார்த்தையில் நான் விளையாட மாட்டேன் என்பது உங்களுக்கு மறந்துபோயிற்றா?

வசந்தா


யோகோஹாமா
மே 18, 1999

என் வசந்தாவுக்கு,

பேச்சே இல்லாத ரயிலில் நான் ஒருவன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

அம்மிணி, அது மாட்டுக் கொம்பு இல்லை. கடலில் முளைக்கிற நீளமான இலை. காய்ந்த வாழைப்பட்டை மாதிரி இருக்கும். ஜப்பான்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே கொம்பு. நான் என்ன செய்ய? சான் ஹோசேயில் ஜப்பான்காரர் கடைகள் இருக்கிற தெருவில் கிடைக்கும், போய்ப் பார். அது உன் முருகனுக்கே படைக்கலாம், அவ்வளவு சைவம்.

இங்கேயும் ஒரு பெரிய கட்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். வருஷமானாலும் கெடாதாம். நீ வரும்போது தோசைக்கல்லை எடுத்து வா. பிள்ளைகளின் குளிர்க் கோட்டு இரண்டும் எடுத்துக்கொள். சாமி விளக்கையும் எடுத்து வா, மறந்துவிடாதே.

சேனாபதி


சிவன்மலை முருகன் துணை

சன்னிவேல்
ஜூன் 1, 1999

அன்புள்ள மாமாவுக்கு,

நானே ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டு சான் ஹோசே போய் வந்தேன். லாரி பக்கத்தில் வந்தபோதெல்லாம் கந்தர் சஷ்டி கவசம்தான். ஓவியா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ லீஃப்! நோ ஹார்ன்ஸ்!” என்று கடையே திரும்பும்படி கத்தினாள். ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் பருப்பு ரசம் வைத்து, சாமிக்குக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். சபரி இன்னும் வேண்டும் என்று டம்ளரைத் திரும்ப நீட்டினான். கொம்பு விஷயத்தில் உங்கள் மேல் கோபப்பட்டது என் தப்பு.

இனி நான் கேட்க வேண்டியது. ஜூலையில் குளிர்க் கோட்டு எதற்கு? ஏதோ நினைப்பில் எழுதிவிட்டீர்கள் என்று விட்டுவிடலாம். விளக்கை அப்படி விட முடியவில்லை.

காங்கேயத்திலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து டெக்சாஸ், டெக்சாஸிலிருந்து இங்கே. ஒவ்வொரு வீட்டிலும் பால் காய்ச்சும் முன்னால் அந்த விளக்கைத்தான் ஏற்றினோம். பழனிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போனபோது அதைத் தூக்கிக்கொண்டா போனோம்? ஊர் பார்க்கப் போனால் விளக்கு வீட்டில் இருக்கும். குடி போனால்தான் கூட வரும். உங்களுக்குத் தெரியாததா?

சபரி இந்த வருஷம்தான் வகுப்பில் வாய் திறந்து பேசுகிறான். அவனுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான். லைப்ரரியில் பிள்ளைகள் புத்தகம் வாங்கிப் படித்து நான் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இப்போதுதான் டாக்டரிடம் பேசும் அளவுக்கு வந்திருக்கிறது. மறுபடி ஓர் ஊர், மறுபடி ஒரு பாஷை என்றால் மலைப்பாக இருக்கிறது.

எத்தனை வருஷம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்
வசந்தா


யோகோஹாமா
ஜூன் 12, 1999

என் வசந்தாவுக்கு,

உன்னிடம் எதையும் மறைக்க முடியாது. மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். நல்ல பதவி. இனி இப்படி ஒன்று எனக்கு வராது. நாலு பேரும் ஒன்றாகச் சோறு உருட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லலாம், பிள்ளைகளும் சிரித்த முகமாக இருப்பார்கள் என்று நினைத்தேன்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் போடுவேன். சிவன்மலையான் சாட்சி.

டிக்கெட் அனுப்பியிருக்கிறேன். முதலில் வா.

சேனாபதி


சிவன்மலை முருகன் துணை

சன்னிவேல்
ஆகஸ்ட் 2, 1999

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் மாற்றல் பேப்பர் வாங்கி வைக்கச் சொல்லி நீங்கள் எழுதியது, நாங்கள் வருவதற்கு முன்பே வந்து தபால் பெட்டியில் கிடந்தது. அதற்குப் பதில்தான் இது.

வகுப்பு நன்றாகத்தான் இருந்தது. சபரி இவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. ஊர் திரும்புகிற பிள்ளைகள் வழிக்குச் சோற்றுருண்டை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மியாகே அம்மா சொன்னதும், நாலு உருண்டை பிடித்து வரிசையாக வைத்தான். “திஸ் ஒன் இஸ் ஃபார் டாடி. ஹீ இஸ் கமிங் ஹோம் வித் அஸ்,” என்றான்.

பாவம், அந்த அம்மாள் கள்ளம் தெரியாதவர். “நோ, நோ! டாடி, த்ரீ இயர்ஸ்! ஹீ சைன்ட்! ஃபர்ஸ்ட் டே ஹீ பிராட் மீ ஸ்வீட்ஸ். ஸோ ஹேப்பி!” என்று என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

முதல் நாள் என்றால் ஏப்ரல். அப்போதே கையெழுத்துப் போட்டாயிற்று. வெறுங்கையோடு போகக் கூடாது என்று கொண்டுபோன இனிப்பு.

நீங்கள் கழுவிவைத்த கிண்ணத்தையே எடுத்து மறுபடி கழுவினீர்கள். ஓவியா மட்டும், “தென் ஐ வில் பி இன் எய்த் கிரேட்,” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். என் கையெல்லாம் உப்புத் தண்ணீரும் சோறும். கண்ணைத் துடைக்க வழியில்லாமல் உருட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்றுதான் மறுநாள் ஏர்போர்ட் வரையிலும் நான் பேசவில்லை.

முருகனைச் சாட்சிக்கு இழுத்ததைப் பற்றியும் கேட்கப் போவதில்லை. அதை அவனிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புலம்பிக்கொண்டே விளக்கைப் பழைய சேலையில் சுற்றியிருப்பேன் மாமா. இதற்கு முன் எல்லா ஊருக்கும் அப்படித்தானே வந்தேன்? தோசைக்கல், கோட்டு, விளக்கு என்று நீங்கள் எழுதிய சாமான்களோடு என்னையும் சேர்த்துவிட்டீர்கள். கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும்.

மாற்றல் பேப்பர் நான் வாங்கப் போவதில்லை. நீங்கள் மூன்று வருஷமும் இருந்து, எடுத்த வேலையை நல்லபடியாக முடியுங்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர்களுக்கு அப்பா வேண்டும்.

சபரி ஏர்போர்ட்டில் உங்கள் கையில் கொடுத்தானே, அந்த நாலாவது உருண்டை, சாப்பிட்டீர்களா என்று கேட்டு எழுதச் சொல்கிறான். அவனுக்குத் தனியாக ஒரு கார்டு போடுங்கள்.

அடுத்த ஜூலைக்கு மியாகே அம்மாவிடம் எங்கள் மூவர் பெயரையும் கொடுத்து வையுங்கள். பயணிகள் என்றே எழுதச் சொல்லுங்கள்.

விளக்கு இங்கே எரிகிறது.

வசந்தாமணி