கறுப்பா, நீலமா

திங்கள், ஜூன் 9

காற்று. காலையிலேயே தலை முழுக்க மண். அந்த பஸ் ஜன்னல் மூடாது என்று தெரிந்தும் அதே இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

தங்கச்சி ரோசிக்கு வேலை உறுதி! ஓசூரில் கம்பெனி, ஹாஸ்டலும் உண்டு. காது கேட்காத பிள்ளைகளை விரும்பி எடுக்கிறார்களாம். அடுத்த திங்கள் சேர வேண்டும். மெசேஜைப் படித்ததிலிருந்து அவள் கால் தரையில் இல்லை.

அம்மா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்: "அங்கிட்டுப் போயிட்டா நான் எப்புடிடி அவகூடப் பேசுறது? நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிருவீங்க. எனக்கு எழுத்து வருமா, அவளுக்குக் காது வருமா?"

நியாயம்தான். அவர்கள் இருவரும் பேசுவது கையாலும் முகத்தாலும். எந்தப் பள்ளியிலும் இல்லாத பாஷை, எங்கள் வீட்டில் உண்டானது. காதுத் தோட்டை இழுத்தால் அம்மா. கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் கண்ணாடிக்காரியான நான். ஆனால் அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். ரோசி ஷிஃப்ட் முடிந்து வருவது நாலு மணிக்கு. நான் மருந்துக்கடையை விட்டு வீடு சேர இருட்டிவிடும், என் ஃபோனும் என்னோடுதான். ஆக, அம்மாவுக்கென்று ஒரு வீடியோ ஃபோன்.

"பேச முடியுதுன்னு எனக்குத் தெரியட்டும், அனுப்புறேன். இல்லாட்டி இங்கனயே இருக்கட்டும்." அம்மாவின் முடிவு இது. ரோசியிடம் நான் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

செவ்வாய், ஜூன் 10

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை. அங்கே வேலை செய்யும் பெண் பொறுமைசாலி. பதினைந்து ஃபோனை எடுத்துக் காட்டினாள். கடைசியில் மிஞ்சியது இரண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

கறுப்பு: மெலிசு. கேமரா பிரமாதம். என்னை ஒரு படம் எடுத்துக் காட்டினாள், என்னைப் பொண்ணு பார்க்கவே வரலாம் போலிருந்தது.

நீலம்: தடி. பேட்டரி இரண்டு நாள் நிற்கும். படம் சுமார். என்னை என் மாதிரியே காட்டியது, கொடுமை.

கையில் கறுப்பு, மனசிலும் கறுப்பு. எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பர்ஸைத் திறந்தபின் சேதுண்ணனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.

புதன், ஜூன் 11

சேதுண்ணன் எங்கள் கடை பார்மசிஸ்ட். இருமல் மருந்தைத் தவிர எல்லாவற்றைப் பற்றியும் நீளமாகப் பேசுவார். "கறுப்ப எடும்மா. அதான் கெத்து. நீலம்லாம் லாரி டிரைவர் வச்சிருக்க ஃபோனு." சொன்னவர் கையில் இருப்பது அதே நீலம்தான். கேட்டேன். "அதனாலதாம்மா சொல்றேன்" என்றார்.

பஸ்ஸில் வீடியோ விமர்சனம் ஆறு பார்த்தேன். மூன்று பேர் கறுப்பு, மூன்று பேர் நீலம். ஒருத்தனாவது அம்மாவைப் பற்றிப் பேச வேண்டுமே.

வாங்க வேண்டியவை: ரோசிக்கு வாளி, பூட்டு, போர்வை (அங்கே குளிராம்), ஊறுகாய்.

வெள்ளி, ஜூன் 13

நேற்று எழுத நேரமில்லை. மாடு வேலி தாண்டிப் போய்விட்டது, தேடி அலைந்தோம்.

ரோசி பெட்டி அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். அம்மா பக்கம் தாடையைக் காட்டிவிட்டு கையை விரித்தாள். போக விடுவாளா என்று தெரியவில்லை, அதுதான்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். இந்தப் பிள்ளை போக வேண்டும். போயே ஆக வேண்டும். நாளை மூன்று பேரும் கடைக்குப் போகிறோம்.

சனி, ஜூன் 14

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

முதல் பஸ். யாரும் சாப்பிடவில்லை. கடைக்குள் ஸ்டூலில் அம்மா, கையில் கறுப்பு. வெளியே வெயிலில் ரோசி அவளுடைய ஃபோனோடு, பக்கத்தில் நான். வீடியோ போட்டோம். ரோசியின் ஃபோனில் அம்மா வந்தாள். சுருக்கம் ஒன்று இல்லை. கல்யாணப் பொண்ணு மாதிரி வெளுப்பு. நான் அசந்து போனேன்.

அம்மா விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். ரோசி முகம் சட்டென்று மாறியது. 'எப்ப? என்னைய விட்டுட்டா?' என்று கையை உதறினாள். உள்ளே அம்மா கடைப் பெண்ணிடம், "ஏன் கோவிச்சுக்கிறா இவ? நான் என்ன கேட்டேன்?"

செத்த நேரம் எனக்கும் புரியவில்லை. பிறகு பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. எங்கள் பாஷையில் கை மட்டும் போனால் 'சாப்பிட்டேன்'. புருவம் தூக்கி நெற்றி சுருங்கினால்தான் 'சாப்டியா?'. அம்மா கேட்டது கேள்வி. கறுப்பு அந்த நெற்றியைத் தேய்த்து மழுங்க அடித்துவிட்டது. தன்னை விட்டுவிட்டு அம்மா எங்கேயோ இட்லி சாப்பிட்டுவிட்டாள் என்று இவளுக்குக் கோபம்!

உள்ளே போய்க் கடைப் பெண்ணிடம் சொன்னேன். "அது பியூட்டி மோடுக்கா, முகத்த மெழுகிக் காட்டும், ஆஃப் பண்ணிரலாம்" என்று எங்கேயோ தட்டினாள். நெற்றி வந்தது. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால் கல்யாணப் பொண்ணும் மறுபடி வந்தாள். "இந்த மாடல் அப்புடித்தாங்க்கா, ஒவ்வொரு தடவையும் நீங்க உள்ள போயி மாத்திக்கிறணும்."

அம்மா: "உள்ளேன்னா எங்கிட்டுப் போகணும்?"

நீலத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ரோசியின் திரை முழுக்க அம்மா. கறுத்த முகம், நரை, நெற்றியில் கோடு கோடாக எல்லாம். மறுபடி கேட்டாள். ரோசி சிரித்துவிட்டாள். வயிற்றைத் தட்டிக் காட்டினாள், பசி.

அதற்குமேல் யோசனை என்ன. நீலம்தான். ஓட்டலில் அம்மா மூன்று தோசை சாப்பிட்டாள். கை கழுவி வந்து ஈரக்கையால் ரோசி கன்னத்தைப் பிடித்து, தலையை மட்டும் ஆட்டினாள். போ என்று.

கறுப்பின் மேல் எனக்கு இன்னும் ஆசைதான். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு, ஜூன் 15

சர்ச்சில் பூசை முடிந்து வந்து பயிற்சி. பச்சையை இழுத்தால் எடுக்கலாம், சிவப்பைத் தொட்டால் வைக்கலாம். அம்மா பத்து முறை சிவப்பைத் தொட்டு ரோசியின் லைனை அறுத்துவிட்டாள்.

இன்னொரு சிக்கல். ஒரு கையில் ஃபோனைப் பிடித்தால் பேச மிச்சம் ஒரு கைதான். பாதிப் பேச்சு வாயிலேயே நிற்கிற மாதிரி அம்மா திண்டாடினாள். வீட்டில் டவரும் விட்டு விட்டு வந்தது. தொழுவத்தில் நன்றாக இருக்கிறது. தவிட்டு மூட்டையின் மேல் நிற்க வைத்தோம், தடியாக இருப்பதால் அசையாமல் நின்றது. அம்மா எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் பொரிந்து தள்ளினாள். பின்னால் மாடு.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டோம். ரோசி ஜன்னல் வழியாகக் கையால் பேசிக்கொண்டே போனாள். பஸ் நகர்ந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. மற்றவர்களெல்லாம் ஃபோனில் 'ஹலோ ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்கள், பாவம்.

செவ்வாய், ஜூன் 17

நேற்று ரோசியிடமிருந்து 'சேர்ந்துட்டேன்' என்று மெசேஜ் மட்டும். இன்று அரை நாள் லீவு போட்டேன். சேதுண்ணனிடம் தலைவலி என்று சொன்னேன், மாத்திரை கொடுத்தார்.

மூன்றரைக்கே அம்மா தலை சீவி தொழுவத்தில். நாலு மணி ஆயிற்று, வரவில்லை. நாலரை. "டியூட்டி நேரம் கூடியிருக்கும்மா" என்றேன். அம்மா ஃபோனைத் துடைத்து மறுபடி மூட்டை மேல் வைத்தாள்.

பிறகு ஃபோன் வெளிச்சம் போட்டது. அம்மாவே பச்சையை இழுத்தாள். ரோசி! நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. சோறு பரவாயில்லை, குழம்பு மோசம், கட்டிலில் மேலடுக்கு, போர்வை போதவில்லை, எல்லாம் ஒரே மூச்சில். அம்மாவும் விடவில்லை.

நடுவில் இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள். அறைத்தோழி, அவளுக்கும் காது கேட்காது. அவள் கைப்பேச்சு பள்ளியில் படித்தது போல, எங்களுடையது மாதிரி இல்லை. அம்மாவைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு கையையும் தூக்கி அதை அப்படியே செய்து பார்த்தாள். தப்பாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு மெதுவாகத் திரும்பச் செய்து காட்டினாள். அம்மா மறுபடி.

நான் குனிந்து கேட்டேன், "என்னம்மா சொல்லுது அந்தப் பிள்ள?"

"யாருக்குத் தெரியும்? நீ அங்கிட்டுத் தள்ளுடி, வெளிச்சத்த மறைக்கிற."