அழிக்காம உட்ட அம்பது ஓட்டு

ஜேடர்பாளையம்
2.2.2026

ஏனுங்க டீச்சரம்மா,

நல்லாருக்கீங்களா? போன்லயோ வாட்ஸாப்லயோ ஒண்ணும் பேசக்கூடாதுன்னு கட்சி வக்கீல் சொல்லிட்டாருங்க. அதான் லெட்டர். என்ற தங்கச்சி சௌமியா கொண்டாந்து குடுப்பா. கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காதீங்க!

கோர்ட்டு ஆர்டர் வந்துருச்சு. பதினோராந்தேதி நம்ம பூத்து பெட்டியச் சேலத்துல தொறந்து, பட்டன் அமுக்குனா மிஷின்ல இருந்து உழுகுமே, அந்தச் சீட்டையெல்லாம் எண்ணப் போறாங்க. ஓட்டுப் போட்டவங்களை விட மிஷின்ல அம்பது ஓட்டு ஜாஸ்தியாம். எங்க கட்சி கந்தவேல் அண்ணன் ஜெயிச்சதே முப்பத்தொரு ஓட்டுலதானுங்க! அம்பது போனா எம்.பி. சீட்டே போச்சு. எனக்குச் சோறே எறங்கல.

எலக்‌ஷன் அன்னைக்கு விடியால டெஸ்ட் ஓட்டுப் போட்டமே, மத்த ஏஜென்ட்டு யாரும் வரலைன்னு. ‘போணி அண்ணனுக்குத்தான்’னு அம்பதையும் நானே அமுக்குனேன். நீங்க சிரிச்சீங்க. அதுலதானே நான் உழுந்தேன்! கேட்டா, டெஸ்ட் ஓட்டை அழிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன்னு மட்டும் சொல்லிருங்க சாமி. மீதிய வக்கீல் பாத்துக்குவாரு.

உங்க கௌதமன்
(அண்ணனுக்கு நான் போட்ட வீடியோ எடிட்டு மூணு லட்சம் வியூஸ்!)

வாழப்பாடி
5.2.2026

அன்புள்ள கௌதமுக்கு,

கல்யாணப் புடவை இளம்பிள்ளையில எடுக்கலாம்னு அம்மா குதிக்கறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஓடல.

நான் அழிக்கலைங்க. வெளிய க்யூ நின்னுருச்சு. முதல் எலக்‌ஷன் டூட்டி, பதட்டத்துல மறந்துட்டேன். டெஸ்ட் சீட்டையும் பெட்டியிலிருந்து எடுக்கல. தொறந்தா அடியில அம்பதும் ஒரே சின்னமாக் கிடக்கும். என்னன்னு பொய் சொல்ல? சஸ்பெண்ட் பண்ணினா பண்ணட்டும். உள்ளதைச் சொல்லப் போறேன்.

பயம் அதுக்கில்ல. அந்த ஏஜென்ட்டுக்கே என்னை நிச்சயம் பண்ணியிருக்குன்னு தெரிஞ்சா, ரெண்டு பேரும் பேசி வெச்சுச் செஞ்சோம்பாங்க. அன்னைக்குத்தான் உங்க மூஞ்சியே பாத்தேன்னா யாரு நம்புவா? நீங்க எழுந்து, அது டெஸ்ட் ஓட்டுதான், அன்னைக்குத்தான் பாத்துக்கிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லுவீங்கதானே?

தனப்பிரியா

ஜேடர்பாளையம்
9.2.2026

ப்ரியா,

அண்ணனைக் கவுக்கச் சொல்றீங்களே! அவரு பேரைப் பச்சை குத்துன கையிங்க இது. நேத்து ஆபீஸ்ல அவரே தோள்ல கை போட்டு, ‘தம்பி, உன்னையத்தான் நம்பியிருக்கேன்’னாரு. செல்ஃபிகூட எடுக்கல, பாத்துக்குங்க!

ஆனா உங்களை உட்ற மாட்டனுங்க. பதினோராந்தேதி சேலத்துக்கு வாரேன். நீங்க தைரியமா இருங்க.

கௌதம்

வாழப்பாடி
12.2.2026

பூத் ஏஜென்ட் கௌதமன் அவர்களுக்கு,

வணக்கம். அம்பதும் அடியிலதான் இருந்துச்சு, நீங்களே பாத்தீங்க. உங்க அண்ணன் தோத்துட்டார்னு டிவியில ஓடுது. எனக்கும் சஸ்பெண்ட் ஆர்டர் வந்துருச்சு. அதுக்கு நான் அழலை. மறந்தது நான்தான்.

‘இந்த டீச்சர் பழக்கமா?’ன்னு அதிகாரி உங்களைக் கேட்டார். ‘அன்னைக்குத்தான் பாத்தேனுங்க, இப்ப நிச்சயமாயிருக்கு’ன்னு சொல்லியிருக்கலாம். அதுதானே நிஜம். ‘இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க. நான் ஒரு பட்டனும் அமுக்கல’ன்னீங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. எங்கப்பா பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தார்.

அதே கேள்விய எங்கிட்டயும் கேட்டாங்க. மோதிரம் போட்ட கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு, ‘எனக்கும் தெரியாதுங்க சார்’னேன். நேத்து நான் சொன்னதுல அது ஒண்ணுதான் பொய். அதையும் இன்னைக்கு நிஜமாக்கிட்டேன்.

மோதிரத்தை சௌமியாகிட்ட குடுத்திருக்கேன். அவளைத் திட்டாதீங்க. வாங்கமாட்டேன்னு ரொம்ப நேரம் அழுதா.

இப்படிக்கு,
ம. தனப்பிரியா