ஹீட் பம்பை அணைக்காதீர்கள்

அன்புள்ள டெனிஸுக்கு, ஷெட்லாந்துத் தீவில், இந்தச் சமையல் வேலையில் நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா?

நேற்று காற்றாலை ஆட்களுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றும்போது, நம் வீட்டைச் சூடாக்க மகள் வைத்துக்கொடுத்த ஹீட் பம்புக்கு வந்த கரண்ட் பில்லைப் பற்றிப் புலம்பினேன். எலக்ட்ரீசியன் மாக்னஸ் சிரித்துவிட்டார்.

"பாட்டி, உங்க வீட்டுக்காரர் அதை அடுப்பு மாதிரி சாயங்காலம் மட்டும் போடுறாரா?"

"ஆமா. பகல்ல யாரு போடுவா?"

"அதான் பில்லு எகிறுது. சில்லுன்னு போன வீட்டைத் தினமும் முதல்லேருந்து சூடாக்கணும்ல? குறைச்சு வச்சு, அணைக்காம விடச் சொல்லுங்க."

பம்பே வேண்டாம், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் கரிமண் கட்டிக்குச் செலவே இல்லை என்பார் உங்கள் தம்பி மோஸி. எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் நனைந்த கட்டிகளை ஆறு வாரம் முதுகு ஒடியத் திருப்பிப் போட்டவள் நான். அவர் வேலியில் சாய்ந்துகொண்டு சீட்டியடித்தார். என் முதுகை அவர் எந்தச் செலவில் சேர்த்தார்?

"ஒத்த ஆளுக்கு எதுக்குச் சூடு?" என்று போனில் கேட்டீர்களே, அதுதான் பில்லைவிட என்னை உறுத்துகிறது. சளியோடு அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையை அனுப்புங்கள். பார்சலை உங்கள் கையாலேயே கட்டி அனுப்புங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பம்பை இன்றே போடுங்கள். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்ததும், வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று முதலில் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

பிரீடா