பின்கதவின் சிவப்புக் கயிறு

தாராவி, மும்பை
மே 18

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கடையும் ஓடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் நகுலும் எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் எழுது. கால்கரியில் நீ வாங்கிய மின்சாரக் காரின் படம் பார்த்தேன், கைப்பிடி கதவுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கிறது. நாங்கள் இங்கே புதிதாக வாங்கிய காரும் அதே மாதிரிதான். முப்பத்தைந்து வருஷமாக ஆண்டாப் ஹில்லில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிறவன் இதைப் பார்த்து சும்மா இருப்பேனா? சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பத்தடி போனால் டக்கென்று பூட்டுகிறது, திரும்பி வந்தால் கைப்பிடி எட்டிப் பார்க்கிறது. முதல் நாளே இருபது தடவை போய் வந்தேன், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூஜை போட அம்மன் கோயிலுக்குப் போனோம். முழங்கால் வலி என்று அம்மா பின் சீட்டை விட்டு இறங்கவில்லை. சாவியை அம்மன் காலடியில் வைத்து எடுப்பது நம் வழக்கமாயிற்றே, கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் தட்டில் வைத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் உள்ளே போனதும் அலங்காரத்துக்குத் திரை விழுந்தது. சாவி தூரம் போய்விட்டது என்று வண்டி தானே பூட்டிக்கொண்டது, ஏசியும் நின்றது. பின்கதவுகளில் குழந்தைப் பூட்டை ஷோரூமிலேயே போட்டுத் தந்திருக்கிறார்கள், உள்ளே பொத்தானை அழுத்தினாலும் திறக்காது; முழங்கால் வலியோடு முன் சீட்டுக்குத் தாண்டிப் போகவும் அவளால் முடியாது. போனிலேயே திறக்கும் வசதியை நான் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. மணி பதினொன்றரை, மே மாத வெயில், அம்மா கண்ணாடியைத் தட்டுகிறாள். திரை விலகும்வரை பூசாரியை யாரும் கூப்பிட மாட்டோம், எனக்கும் வாய் வரவில்லை. பக்கத்தில் செங்கல் கிடந்தது, பூஜையன்றே புது வண்டியை உடைப்பதா என்று கையும் வரவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஐந்து நிமிஷம் முழுசாக நின்றேன். எதிர்க்கடையில் ஏசி ரிப்பேர் செய்யும் யாசர்தான் ஓடிவந்து, "அண்ணாச்சி, சாமி காத்துக்கிடும், அக்கா தாங்க மாட்டாவ" என்று சத்தம் போட்டான். அவன் வாடிக்கையாளர் ஒருவரிடமும் இதே வண்டி இருக்கிறதாம். கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கதவின் உள்பக்கம் சாமான் வைக்கும் பையின் அடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லிக் கையால் காட்டினான். அம்மா அதை உரித்து, உள்ளே இருந்த சிவப்புக் கயிற்றை இழுத்ததும் கதவு திறந்தது. சேலையெல்லாம் வேர்வையோடு இறங்கியவள், "நான் உள்ள வேகுதேன், நீங்க வண்டியப் பாத்துக்கிட்டு நிக்கியளே" என்றாள்.

மறுநாளே ஷோரூமுக்குப் போனேன். "மேனுவல்ல இருக்கே அங்கிள், நூத்தி எண்பத்தாறாம் பக்கம்" என்று வண்டி விற்ற பையன் சிரிக்கிறான். தீப்பிடித்தால் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பதா என்று கேட்டேன், சிரிப்பு நின்றது. மூன்று நாளாக டார்ச் அடித்து ஒவ்வொரு கதவாகத் துழாவுகிறேன். முன்கதவில் கைக்கெட்டுகிற மாதிரி லீவர் வைத்தவன், பின்கதவில் ஏன் ஒளித்து வைத்தான்? பேட்டரி செத்துப்போனால் வெளியே கைப்பிடி வருமா, வராதா? சில வண்டிகளில் பின்னால் கயிறே கிடையாது என்கிறான் யாசர். உன்னுடையதில் எங்கே இருக்கிறது, படம் எடுத்து அனுப்பு.

எனக்குக் கவலை நகுலைப் பற்றித்தான். மூன்று வயசுப் பிள்ளை, பெல்ட்டில் கட்டிக் கிடப்பவன், கயிறு இருந்தாலும் அவனால் இழுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, வண்டியை அணைத்து, நீயே பின் சீட்டில் உட்கார்ந்து திறந்து பார். கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் இரண்டு வாங்கு, ஒன்று வண்டிக்குள், இன்னொன்று உன் கைப்பையில். நீ வெளியே நிற்கும்போது உள்ளே கிடக்கிற சுத்தியலால் யாருக்கு என்ன பிரயோஜனம்? வேளை வந்தால் என்னைப் போல நிற்காதே, உடை.

அம்மன் உங்கள் மூவரையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். அம்மா நகுலுக்கு முத்தம் அனுப்புகிறாள். பின்கதவு திறந்தது என்று நீ எழுதும்வரை அவனை பஸ்ஸிலேயே கூட்டிப்போ.

உன் அப்பா,
பூதத்தான்